ட்ராட்ஸ்கிக்கு உயர்ந்த ஏழு கைகள்

வந்திருந்தவர்களையும் அவர்கள் உட்கார்ந்த இடங்களையும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெட்டு மேஜைக்கு வடக்கே, கைவைத்த நாற்காலியில், கட்சியின் ஜில்லா கமிட்டியிலிருந்து வந்திருந்த ஸ்ரீரங்கன். அவர் விருந்தாளி, எங்கள் கூட்டத்தில் கை தூக்கும் உரிமை அவருக்கு இல்லை. மேஜைக்குக் கிழக்கே முக்காலியில் சுந்தரராமன். அவர் தையற்காரர் அல்ல, பக்கத்து இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கணக்கர்; மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்காரர்; எங்கள் சங்கத்துக்கு உபதலைவர். அவருக்கு நேர் எதிரே மேற்கில் கட்டிங் மாஸ்டர் அப்துல் கஃபார், கச்சேரி ரோட்டுக்காரர். இருவருக்கும் நடுவில், மேஜைமீதே சம்மணம் போட்டுக்கொண்டு, மெஷின் தையற்காரர் கபாலி. தரையில், காக்கித் துணிக் கட்டுகளின்மேல், அன்வர் பாஷாவும் இன்னும் மூன்று மெஷின்காரர்களும். இஸ்திரி போடும் மூலையில் சாஹுல் ஹமீதும் அவருடைய மைத்துனரும். சட்டை போட்டுப் பார்க்கும் தடுப்பறையில், திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே எங்களுக்குக் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக் கொடுக்கும் ஹாஜிரா பீ. வாசற்பக்கம், மடியில் அட்டையும் காகிதமுமாக, நான்: சண்முகசுந்தரம். கடைக்குப் பில் எழுதுகிறவன். சங்கத்துக்குக் கடிதம் எழுதுகிறவனும் நானே.

இடம், தியாகராய நகர் பாண்டி பஜாரில் எங்கள் தையற்கடையின் பின்கொட்டகை. நாற்பத்து நாலாம் வருஷம் ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு. கடை முழுவதும் பட்டாளத்துக்குக் காக்கி தைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறோம் என்று நினைத்து முதலாளி சாவியைக் கொடுத்திருந்தார். அது முழுப் பொய்யும் அல்ல.

அன்றைய பாடம், ருஷ்யாவில் லெனின் இறந்தபின் அவருடைய இடத்துக்கு யார் என்று நடந்த போட்டி.

முந்தைய ஞாயிறுகளில் சுந்தரராமன் ஓர் இங்கிலீஷ் சிறுபுத்தகத்தை வைத்துக்கொண்டு வரிவரியாகத் தமிழில் சொல்லிப் பார்த்தார். வாரம் முழுவதும் மெஷின் மிதித்தவர்கள் துணிக்கட்டில் சாய்ந்தால் என்ன ஆகும்? ஜார் கவிழ்வதற்குள் எங்களில் பாதிப் பேர் கவிழ்ந்துவிட்டார்கள். கபாலிதான் வழி சொன்னார்.

“ஏன் சாமி, ஆளுக்கொரு வேசம் கட்டிப் பேசினா இன்னா? சண்டைன்னா நம்ம ஆளுங்க கண்ணு மூட மாட்டாங்க.”

ஆகவே அன்று வேஷம். காக்கித் துண்டுகளில் துணியில் கோடு போடும் சாக்கட்டியால் பெயர் எழுதிச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். சுந்தரராமன் ஸ்டாலின். கஃபார் ட்ராட்ஸ்கி. ஜினோவீவ், காமனேவ் என்ற இருவரையும் வாயில் நுழையவில்லை என்று மற்றவர்கள் தள்ளிவிட்டதால், இரண்டு துண்டையும் மார்பின் இரண்டு பக்கத்திலும் கபாலியே குத்திக்கொண்டார்.

“ரெண்டு ஆளு, ஒரு வாயா?” என்றார் கஃபார். “டீயும் ரெண்டு கிளாஸ் கேப்பியே மச்சி.”

“கேப்பேன். ஒண்ணு ஜினோவீவுக்கு, ஒண்ணு அவருக்கு.”

இங்கே எங்கள் சங்கத்தின் நிலைமையையும் சொல்ல வேண்டும். சங்கத்தைக் கட்டியவர் குலாம் முகம்மது. கோடம்பாக்கம் முதல் ராயப்பேட்டை வரை கடைகடையாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தவர். அந்தச் சித்திரையில் டைபாய்டில் போய்விட்டார். அடுத்த ஞாயிறு புதுக் காரியதரிசியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேச்சில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று சுந்தரராமன்; அவர் பெயரைச் சொன்னது ஜில்லா கமிட்டி. இன்னொன்று கஃபார், முதல் நாளிலிருந்து குலாம் முகம்மதுவோடு நடந்தவர். தமக்கு அந்தப் பொறுப்பு வேண்டும் என்பதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் அவரைப்பற்றி ஒரு முணுமுணுப்பு இருந்தது. குலாம் முகம்மதுவை அடக்கம் செய்த அன்று கஃபார் வரவில்லை. வாணியம்பாடியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். ‘கூடவே சுத்தினவரு மண்ணு போடக்கூட வரல’ என்று சிலர் சொன்னார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. அதனால் அவரும் பதில் சொல்ல இடமில்லாமல் போயிற்று.

குலாம் முகம்மது எங்களுக்குப் பழக்கிய வழக்கம் ஒன்று உண்டு. கை தூக்காமல் எந்தக் கூட்டமும் கலையக் கூடாது. டீயா காபியா என்றாலும் கை. தனக்குத் தானே யாரும் கை தூக்கக் கூடாது. தூக்கிய கைகளை எண்ணி எழுதி, அன்றைய நடவடிக்கையை அன்றைக்கே ஜில்லா கமிட்டிக்குத் தபாலில் அனுப்பிவிட வேண்டும். எழுதுவது என் வேலை.

சுந்தரராமன் எழுந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கதையின் முகப்பைச் சொன்னார். தலைவர் வியாதியாகப் படுத்தார், இருபத்து நாலாம் வருஷம் ஜனவரியில் காலமானார், பிறகு கட்சிக்குள் வாக்குவாதம் எழுந்தது என்று சொல்லி முடிக்கும்போது திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“மௌத்தாப் போனவரு வஸியத் ஒண்ணும் எழுதி வெக்கலையா? எனக்கப்புறம் இவரைப் புடிச்சிக்குங்கோன்னு?”

சுந்தரராமன் ஸ்ரீரங்கனைப் பார்த்தார். ஸ்ரீரங்கன் கூரையைப் பார்த்தார்.

“அது இன்றைய பாடத்தில் இல்லை, தாயே” என்றார் ஸ்ரீரங்கன். மேடைத் தமிழ் அவருக்கு நன்றாக வரும்.

“வெச்சிருந்தா சண்டையே வந்திருக்காதேன்னு கேட்டேன்” என்று திரை சொல்லிவிட்டு அடங்கியது.

வாதம் தொடங்கியது. கபாலி இரட்டை மார்போடு எழுந்து, தாம் இருவரும் ஸ்டாலின் பக்கம் என்று அறிவித்தார். பிறகு என்ன சொல்ல வேண்டும் என்பது மறந்துபோய், “மத்ததை அவரே சொல்லுவாரு” என்று உட்கார்ந்தார். சுந்தரராமன் குறிப்புத் தாளைப் பார்த்தே பேசினார். கட்டுப்பாடு, ஒற்றுமை, ஒரு தேசத்திலேயே சோஷலிசத்தைக் கட்டி முடிப்பது என்று அடுக்கினார். நல்ல விஷயங்கள்தான். ஆனால் அவர் குரல் முதல் துணிக்கட்டைத் தாண்டி இரண்டாவது கட்டுக்கு எட்டவில்லை.

“சாமி, ஸ்டாலினுக்கு ஜலதோசமா?” என்றார் அன்வர் பாஷா.

சுந்தரராமன் தாளைத் திருப்பினார். புத்தகத்தில் இருந்ததை அப்படியே படித்தார். “இவரைப் பாருங்கள். தலைவரின் இறுதி ஊர்வலத்துக்குக்கூட வராதவர். இவரா தலைவருடைய இடத்துக்கு?”

படித்து முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. கொட்டகையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டியில் கரி இல்லை. ஆனாலும் சாஹுல் ஹமீது அதன் மூடியைத் திறந்து மூடினார்.

கஃபார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைநுனியில் துடைத்தார். எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே பேசினார்.

“வரல. மெய்தான். எனக்கு உடம்பு சரியில்லைன்னு தெக்கே அனுப்பி வெச்சாங்க. தந்தி வந்திச்சு. எப்போ வந்திச்சு? எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து இன்னா பிரயோசனம்?” இதுவரை ட்ராட்ஸ்கி. அதற்கப்புறம் யார் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. “ஸ்டேசன்ல போய் நிக்கிறேன். வர்ற வண்டியெல்லாம் பட்டாளம். ஏற வுடல. கால்ல வுளுந்தேன், ஒரு வெள்ளைக்காரன் கால்ல. ராத்திரியெல்லாம் அங்கியே குந்திக்கினு இருந்தேன். அவரு கூட நடந்த கால் இது நைனா. தேனாம்பேட்டை, மாம்பலம், சைதாப்பேட்டை, எந்தக் கடைப் படியில நாங்க ரெண்டு பேரும் ஏறல? மூணு கடையில அடிக்க வந்தாங்களே, யாரு முன்னால நின்னா? மண்ணு போட வரலேன்னு பேசறீங்க. போடறதுக்கு எனக்கு மட்டும் ஆசையில்லையா?”

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அவ்ளோதான் சாமி. ட்ராட்ஸ்கி பேசிட்டான்.”

அன்வர் பாஷா தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெறும் பழக்கத்தால் கபாலி மேஜையில் தட்டி, “சரி, கை தூக்கலாம். ட்ராட்ஸ்கிக்கு யாரு?” என்றார்.

தரையிலிருந்த மெஷின்காரர்கள் நால்வரின் கையும் ஒன்றாக எழுந்தது. திரைக்கு மேலாக, கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை எழுந்தது. சாஹுல் ஹமீதின் மைத்துனர் தூக்கினார். கடைசியில் கபாலியும் தூக்கினார். ஏழு.

“ஸ்டாலினுக்கு?”

சாஹுல் ஹமீது ஒன்று. நான் ஒன்று. நான் தூக்கியதற்குக் காரணம், புத்தகத்தில் அவர்தான் ஜெயித்தார் என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்ததுதான்.

ஏழுக்கு இரண்டு. வழக்கப்படி எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது ஸ்ரீரங்கன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். மேடைத் தமிழ் அவரை விட்டு இறங்கிப் போயிருந்தது.

“என்ன ஓய் பண்ணிண்டு இருக்கேள்? இதை எழுதிட்டேளா?”

“எழுதிவிட்டேன்.”

“ஈசுவரா! பாண்டி பஜார் தையல் தொழிலாளர் சங்கம், லெனினுக்கப்புறம், கட்சி துரோகின்னு தள்ளின ட்ராட்ஸ்கிதான் வந்திருக்கணும்னு ஏழுக்கு ரெண்டுல தீர்மானம் போட்டுதுன்னு கமிட்டிக்குத் தபால் போகப்போறது. பேசினவர் அடுத்த வாரம் காரியதரிசிக்கு நிக்கப்போறார். ஓய் சுந்தரராமா, இது எங்கே போய் முடியும்னு உமக்குத் தெரியாதா?”

சுந்தரராமனுக்குத் தெரியும்.

“விளையாட்டுக்குப் பேசினது சார்” என்றேன்.

“விளையாட்டா?” ஸ்ரீரங்கன் என் பக்கம் திரும்பினார். “அடையாறுல எனக்குத் தெரிஞ்ச வாத்தியார் ஒருத்தர். அவர் அலமாரியில அந்த மனுஷனோட புஸ்தகம் ஒண்ணு இருந்தது. படிச்சாரா இல்லையான்னுகூட யாரும் கேக்கலை. கட்சியிலேருந்து பேரை எடுத்துட்டா. இப்போ அவரோட யாரும் பேசறதில்லை.” சற்று நிறுத்தி, “நானும் பேசறதில்லை” என்றார்.

கஃபாருக்கு அப்போதுதான் விஷயம் முழுவதும் விளங்கியது. மார்பிலிருந்த காக்கித் துண்டைப் பார்த்தார். பிறகு எதிரே பார்த்தார்.

“ஏன் சாமி, இதுக்குத்தானா எனக்கு இந்த வேசம் குடுத்தே?”

சுந்தரராமன் தம் மார்பிலிருந்த துண்டைத் தொட்டார்.

“நீ நல்லவன்னு நெனைச்சிக்கினு இருந்தேன். எல்டாம்ஸ் ரோடு முச்சூடும் தெனம் ஒண்ணா நடந்து வீட்டுக்குப் போறோமே. ஒரு நாள் சொல்லியிருக்கலாமே, கஃபார் பாய், எனக்கு அந்த எடம் வேணும், ஒதுங்கிக்கோன்னு. இப்பிடி ஒரு பேரை மார்ல குத்தி, நானே கத்தி, நானே மாட்டிக்கிற மாதிரி...”

“மாஸ்டர், நான்தான் சொன்னது” என்று கபாலி மேஜையிலிருந்து குதித்து இறங்கினார். “புஸ்தகத்துல படம் பாத்தேன். ரவுண்டு கண்ணாடி, கூர் தாடி. மூஞ்சி அப்பிடியே உன்னுது. சாமி வேணாம்னுகூட சொன்னாரு, பாயை எதுக்கு அந்தாளா போடறேன்னு. நான்தான் புடிவாதமா குத்தினேன்.”

“மெய்யா சாமி?”

சுந்தரராமன் தலையசைத்தார். ஆனால் கஃபாரின் முகம் தெளியவில்லை. காரணம் எனக்கும் புரிந்தது. யார் கொடுத்த வேஷமாக இருந்தாலும், கடிதம் இப்படியே போனால் பெயர் அடிபடப்போவது கஃபாருக்கு. சுந்தரராமன் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலே போதும். அடுத்த ஞாயிறு காரியதரிசி அவர்தான். கொட்டகையில் இருந்த எல்லோரும் அவரையே பார்த்தோம்.

“கிழிச்சிப் போட்டுட்டு டீ குடிக்கலாம், இன்னா?” என்றார் அன்வர் பாஷா.

திரை சடக்கென்று அசைந்தது.

“கிழிப்பீங்க. எங் கையைக் கிழிப்பீங்க. பொம்பளை கையை எண்ணக்கூடாதுன்னு வருசம் பூரா சொன்னீங்க. குலாம் பாய் ஒங்க எல்லார்கிட்டயும் சண்டை போட்டு எண்ண வெச்சாரு. அவரு போயி ரெண்டு மாசம் ஆகல, தூக்கின கையை எழுதாம வுடலாம்னு பேச்சா? வுட்டுப் பாருங்கோ. காஜா எடுக்காத சட்டை நூறு வந்து ஒங்க வாசல்ல விழும்.”

கிழிக்க எனக்கும் மனம் இல்லை. இந்தக் கைகளை விட்டுவிட்டால் அடுத்த வாரத்துக் கைகளை யார் நம்புவார்கள்?

“எழுது ரைட்டரே” என்றார் கஃபார். “நடந்தது நடந்தபடியே எழுது. சங்கத்தை வுட்டுட்டா நான் வெறும் கத்திரிக்கோலுதான். பரவால்ல, எழுது.”

அப்போது சுந்தரராமன் எழுந்தார். கையிலிருந்த குறிப்புத் தாளை மடித்துப் பையில் போட்டார்.

“சண்முகசுந்தரம், எத்தனை கைன்னுதான் எழுதியிருக்கேள். எதுக்குத் தூக்கினான்னு எழுதலையே. கேட்டு எழுதுங்கோ. ஒவ்வொருத்தரையும் கேளுங்கோ.”

ஸ்ரீரங்கன், “இன்னும் வில்லங்கமா ஏதாவது சொல்லிடப்போறா ஓய்” என்றார். ஆனால் வேறு வழியும் அவருக்குத் தோன்றவில்லை. உட்கார்ந்தார்.

நான் தரையில் இருந்தவர்களிடமிருந்து தொடங்கினேன்.

“அன்வர் பாஷா, ட்ராட்ஸ்கிக்கு ஏன் கை தூக்கினீர்கள்?”

“ட்ராட்ஸ்கியா? அந்தாளு கதை எனக்கு இன்னாத்துக்கு? மாஸ்டர் ஸ்டேசன்ல ராத்திரி பூரா குந்திக்கினு இருந்தாருன்னு எனக்குத் தெரியாது. நானும் பேசினவன்தான், மண்ணு போட வரலேன்னு. மனசு கேக்கல. தூக்கிட்டேன்.”

அவருக்கு அடுத்தவர், “முதலாளிகிட்டப் போய் நிக்கறதுக்கு மாஸ்டர்தான் சரி” என்றார். மற்ற இருவரும் “அதே, அதே” என்றார்கள். சாஹுல் ஹமீதின் மைத்துனர், போன கோடையில் இஸ்திரி மூலைக்குக் கஃபார் சண்டை போட்டு ஜன்னல் வைத்துக் கொடுத்ததைச் சொன்னார்.

“ஹாஜிரா பீ?”

“எனக்கு ஸ்டாலினும் தெரியாது, அவருக்கு எதிராளியும் தெரியாது. கஃபார் தம்பிக்குத் தூக்கினேன். குலாம் பாய் எடத்துக்கு அவரு வரட்டும்னு தூக்கினேன். வேற எதுக்குன்னு நெனைச்சீங்க?”

சாஹுல் ஹமீதையும் விடாமல் கேட்டேன். “சாமி எனக்கு ரேசன் கார்டுக்கு எழுதிக் குடுத்தாரு. அவருக்கு ஒரு கைகூட இல்லேன்னா நல்லாவா இருக்கும்?” என்றார்.

ஸ்ரீரங்கனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. “அப்போ இது ருஷ்ய விஷயமே இல்லை” என்றார். “இவா ஓட்டுப் போட்டது அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு!”

“இன்னும் ஒருவர் இருக்கிறார்” என்றேன். “கபாலி?”

கபாலி தலையைச் சொறிந்தார். “நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த ட்ராட்ஸ்கி சொன்னது நாயமாத்தான் பட்டுச்சு. ஒரே தேசத்துல மட்டும் நல்லது வந்தா மத்தவன் இன்னா பண்ணுவான்? அதுக்குத்தான் தூக்கினேன்.”

“மாஸ்டர் அதைச் சொல்லவே இல்லையே!” என்றார் அன்வர் பாஷா.

“போன வாரம் சாமி படிச்சாரு. நீ தூங்கிக்கினு இருந்தே.”

“ஆனா நீர் ஸ்டாலின் கட்சின்னு இப்போதான் எழுந்து நின்னு சொன்னீர்?” என்று ஸ்ரீரங்கன் கூவினார்.

“அது அவங்க ரெண்டு பேரு பேசினது. கை என்னுது.”

சுந்தரராமன் தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். “அதுவும் நடந்ததுதான் ஸ்ரீரங்கன். அவா ரெண்டு பேரும் முதல்ல ஸ்டாலினோட நின்னா. ரெண்டு வருஷம் கழிச்சு அந்தப் பக்கம் போனா.”

“பாத்தியா!” என்றார் கபாலி. “நான் வேசத்தை ஒழுங்காத்தான் கட்டியிருக்கேன்.”

முதலில் சிரித்தது கஃபார். அடக்கப் பார்த்து முடியாமல், மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. திரைக்குப் பின்னால் வளையல்கள் குலுங்கின. ஸ்ரீரங்கன் மட்டும், “இதை எழுதாதீர், இந்தச் சிரிப்பையெல்லாம் எழுதாதீர்” என்று என் பக்கம் கையை ஆட்டினார்.

சிரிப்பு ஓய்ந்ததும் சுந்தரராமன் தம் மார்பிலிருந்த ஸ்டாலினைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“நான் ஒண்ணு சொல்லணும். கமிட்டியில சொன்னான்னுதான் நான் சரின்னேன். எனக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாது. முதலாளி முன்னாடி நின்னா தொண்டை அடைச்சுக்கறது. குலாம் முகம்மது பேசற இடத்துல பேப்பரை நீட்டிண்டு நிப்பேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆத்துக்காரி விஜயலக்ஷ்மி இந்தப் பேச்சு வந்ததிலேருந்து எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்லை. நானே வேண்டாம்னு சொன்னா பயந்து ஓடறான்னு நினைப்பேள்னு சொல்லாம இருந்தேன். கஃபார், நம்ம ரெண்டு பேரும் எல்டாம்ஸ் ரோட்டுல நடக்கறச்சே தினம் சொல்லணும்னு நினைப்பேன். லஸ் வந்துடும். நீங்க அந்தப் பக்கம் திரும்பிடுவேள்.”

“அட சாமி!”

“என் பேரை வாபஸ் வாங்கிக்கறேன்.” சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். அவர் தோள்கள் இரண்டும் இறங்கியதைப் பார்த்தால், தலையில் வைத்திருந்த துணிக்கட்டை யாரோ வாங்கி இறக்கினது போல் இருந்தது. “அப்பாடா” என்றார்.

கஃபார் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து அவர் தோளில் கை வைத்தார். “வேசம் குடுத்தேன்னு கத்திட்டேனே சாமி.”

“நான் வாசிச்சேனே, அதுக்கு என்ன சொல்றது? ஊர்வலத்துக்கு வரலைன்னு. வாசிச்சுட்டுத்தான் யாரைச் சொல்றேன்னு தெரிஞ்சுது.”

“நீ வாசிக்கலேன்னா நான் சொல்லியிருக்க மாட்டேனே.”

ஸ்ரீரங்கன் நாற்காலியின் கையில் தட்டினார். “சரி, சரி. கமிட்டிக்கு நான் பதில் சொல்லிக்கறேன். அவா கேட்டது சுந்தரராமனை. அவரே வேண்டாம்னுட்டார். ஆனா கடுதாசி சுத்தமா இருக்கணும். எப்படி எழுதுவீர்?”

அதற்கும் வழக்கம் இருந்தது. கூட்டம் கலையும் முன் ஒரு தீர்மானத்தை மாற்ற வேண்டுமானால், அதே ஆட்களைக் கொண்டு மறுபடி கை தூக்க வேண்டும். நான் எழுந்து நின்று கேட்டேன்: “சங்கத்தின் காரியதரிசியாக அப்துல் கஃபாரை அடுத்த ஞாயிறு முன்மொழிவது. யார் யார்?”

இந்தத் தடவை கஃபாரைத் தவிர எல்லாக் கையும் எழுந்தது. சுந்தரராமன் இரண்டு கையையும் தூக்கிவிட்டு, ஒன்றை இறக்கிக்கொண்டார். திரைக்குமேல் வந்த கை, நான் எண்ணி முடித்து “ஆயிற்று” என்று சொல்லும்வரை இறங்கவில்லை.

எழுதியதை உரக்கப் படித்தேன். அதன் முக்கியமான வரிகள் இவை:

“இன்றைய வகுப்பில் ருஷ்யக் கட்சியின் சரித்திரம் வாதப் பிரதிவாதமாக நடத்தப்பட்டது. இறுதியில் வழக்கம்போல் கை தூக்கச் சொன்னதில் அப்துல் கஃபார் ஏற்ற பக்கத்துக்கு ஏழும் சுந்தரராமன் ஏற்ற பக்கத்துக்கு இரண்டும் எழுந்தன. காரணம் விசாரித்ததில், ஏழில் அறுவர் தாங்கள் கை தூக்கியது காலஞ்சென்ற குலாம் முகம்மதுவின் இடத்துக்கு அப்துல் கஃபார் வர வேண்டும் என்பதற்கே என்று தெரிவித்தார்கள். சுந்தரராமன் தம் பெயரை விலக்கிக்கொண்டார். மறுபடி எடுத்ததில் அப்துல் கஃபாருக்கு எல்லோரும் கை தூக்கினர். அங்கத்தினர் கபாலிக்கு ஒரு தேச சோஷலிசம் குறித்துச் சந்தேகம் இருப்பதால் அடுத்த வகுப்பு அதுபற்றியே நடக்கும்.”

“எனக்கு மட்டும் தனிப் பாடமா?” என்றார் கபாலி.

“தூங்காமக் கேட்டதுக்குத் தண்டனை” என்றார் கஃபார்.

ஸ்ரீரங்கன் மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “‘ஏற்ற பக்கம்’... நல்லது. பேர் வரலை. பொய்யும் இல்லை.” நீளமாக மூச்சு விட்டார். “டீ சொல்லியிருந்தேளே, என்ன ஆச்சு?”

டீ வந்தது. கபாலிக்கு இரண்டு கிளாஸ். திரைக்குக் கீழாக ஒரு கிளாஸை நீட்டினேன். கை வந்து வாங்கிக்கொண்டது. “எழுதினீங்கதானே?” என்று குரல் கேட்டது. “ஏழிலும் இருக்கிறீர்கள், அப்புறம் எடுத்ததிலும் இருக்கிறீர்கள்” என்றேன். “ஹாங்” என்று மட்டும் பதில்.

கடிதத்தை மடித்து உறையிலிட்டு, ஸ்ரீரங்கனே எடுத்துப் போகலாமே என்று அவரிடம் நீட்டினேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நான் கொண்டுபோனா நான் சொல்லி எழுதினதும்பா. தபால்லயே வரட்டும்.” பிறகு, என்னிடம் மட்டுமாக, தணிந்த குரலில், “இன்னிக்குப் போற வழியில அடையாறுல அந்த வாத்தியார் ஆத்துல ஏறிப் பாத்துட்டுப் போகலாம்னு இருக்கேன்” என்றார். அதை நான் எங்கும் குறித்துக்கொள்ளவில்லை.

சங்கத்துக்கு முத்திரை கிடையாது. சாஹுல் ஹமீது அரக்கை விளக்கில் காட்டி உறையின் வாயில் சொட்டவிட்டார். ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் பித்தளைத் தொப்பியைக் கஃபார் அதன்மேல் அழுத்தினார். புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் விழுந்தது. தபால் தலையை நான் ஒட்டினேன்.

கொட்டகையைப் பூட்டி, சாவியை நான் எடுத்துக்கொண்டேன். பனகல் பார்க் மூலையில் இருந்த தபால் பெட்டிவரை கஃபாரும் சுந்தரராமனும் என்னோடு வந்தார்கள். முதலாளியிடம் முதலில் எதைக் கேட்பது என்று அதற்குள்ளேயே பேச்சு ஆரம்பமாகிவிட்டது. விலாசத்தை ஒரு தடவை சரிபார்த்து, அரக்குக் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்து, கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டேன்.